எல்லாருக்குமான சுவர்

பெயர் தெரியாதவர்களின் படங்களையும் வாங்கி மாட்டிய பம்பாய் ஆர்ட் சொசைட்டியின் ஆண்டுக் கண்காட்சியிலிருந்துதான் நவீன இந்திய ஓவியத்தின் பல பெரிய பெயர்கள் வெளியே வந்தன. அந்தக் கண்காட்சியும் அதன் விருதுகளும் நம் ஊர்களுக்குச் சொல்வது என்ன?

1935-ம் ஆண்டு. சிம்லா நுண்கலைச் சங்கத்தின் வருடாந்திரக் கண்காட்சிக்கு 22 வயதுப் பெண் ஒருவர் பத்துப் படங்களை அனுப்பிவைத்தார். பாரிஸில் ஓவியம் படித்தவர். அங்கே பேர்பெற்ற சலோன் கண்காட்சியில் 1933-லேயே தங்கப் பதக்கம் வாங்கியவர். முந்தைய வருடக் கடைசியில்தான் இந்தியா திரும்பியிருந்தார். சிம்லா நடுவர்கள் பத்தில் ஐந்தைத் தள்ளிவிட்டார்கள். மாட்டிய ஐந்தில் ஒன்றுக்குப் பரிசு அறிவித்தார்கள். அம்ரிதா ஷெர்-கில் பரிசை ஏற்க மறுத்தார். சங்கத்தின் ரசனைக்கு ஒத்துப்போகிற வேறு யாருக்காவது அதைக் கொடுத்துக்கொள்ளுங்கள் என்ற தொனியில் கடிதம் எழுதி, பரிசைத் திருப்பியும் அனுப்பிவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து, 1937-ல், பம்பாய் ஆர்ட் சொசைட்டியின் ஆண்டுக் கண்காட்சியில் அதே ஷெர்-கில்லுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பதக்கம் பெற்ற படம் 1935-ல் வரைந்த ‘மூன்று பெண்கள்’. இன்று டெல்லி தேசிய நவீன ஓவியக் கூடத்தில் இருக்கிறது. மூன்று இளம்பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் நம்மைப் பார்க்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை. பின்னால் மாளிகையோ மலையோ மரமோ கிடையாது. துணிகளின் நிறம் மட்டும் எரிகிறது; முகங்கள் அடங்கிக் கிடக்கின்றன. தங்களுக்காக வேறு யாரோ எடுத்துவிட்ட ஒரு முடிவுக்குக் காத்திருப்பவர்கள் போன்ற அமைதி அது. அழகான நிலக்காட்சிகளையும் அலங்காரப் பெண்களையும் பார்த்துப் பழகிய கண்களுக்கு அன்றைக்கு இது எளிதான படமாக இருந்திருக்காது. அதற்குத்தான் பம்பாய் முதலிடம் கொடுத்தது.

இரண்டு ஊர், இரண்டு சங்கம், இரண்டு நடுவர் குழு. வரைந்த கை ஒன்றுதான். ஊர்ச் சங்கம் ஒன்று வருடந்தோறும் நடத்தும் திறந்த கண்காட்சியின் பலமும் பலவீனமும் இந்த இரண்டு தீர்ப்புகளுக்குள் இருக்கின்றன. நடுவர்கள் தவறுவார்கள், எப்போதும் தவறியிருக்கிறார்கள். ஆனால், கண்காட்சி அடுத்த வருடம் மறுபடி வரும். வேறு நடுவர்கள் உட்காருவார்கள். போன வருடம் திரும்பிவந்த படத்தைத் தூக்கிக்கொண்டு ஓவியர் மறுபடி வாசலுக்குப் போகலாம். ஒரு சமூகம் தன் கலைஞர்களுக்குத் தரக்கூடிய மிகப் பெரிய உதவி இந்த மறுவாய்ப்புதான் என்பேன். பதக்கம் அதற்கு அடுத்தபடிதான்.

சென்னையில் ஒரு முன்கதை

பம்பாய் சங்கம் பிறப்பதற்கு 15 வருடம் முன்பே, ஒரு கண்காட்சி விருது ஒரு ஓவியரின் வாழ்க்கையை எப்படித் திருப்பிவிடும் என்பதை நம் சென்னை பார்த்துவிட்டது. 1873-ல் இங்கே நடந்த நுண்கலைக் கண்காட்சிக்கு, கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் படம் ஒன்று வந்தது. அனுப்பியவர் கிளிமானூரைச் சேர்ந்த ரவிவர்மா. அப்போது வயது 25. எந்தக் கலைப் பள்ளியிலும் படித்தவர் அல்லர். திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்துபோன ஐரோப்பிய ஓவியர் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்த்தே எண்ணெய் வண்ணத்தின் நுட்பங்களைப் பிடித்துக்கொண்டவர். அந்தப் படத்துக்கு ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே வருடம் வியன்னா சர்வதேசக் கண்காட்சியிலும் அது பரிசு வாங்கியது.

அடுத்த வருடம் அவர் சென்னைக்கு அனுப்பியது ஸ்வரபத் என்ற இசைக்கருவியை வாசிக்கும் தமிழ்ப் பெண்ணின் படம். அதற்கும் பதக்கம். 1876-ல் துஷ்யந்தனுக்குக் கடிதம் எழுதும் சகுந்தலை. அதைச் சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனே விலைக்கு வாங்கிக்கொண்டார். திருவிதாங்கூர் அரண்மனைக்குள் மட்டும் பேர் தெரிந்திருந்த ஒருவரை மூன்றே வருடத்தில் நாடறிந்த ஓவியராக்கியதில் சென்னையின் அந்தப் பொதுச் சுவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1894-ல் அவர் பம்பாயில் தொடங்கிய அச்சகம் வழியாக லட்சுமியும் சரஸ்வதியும் நம் வீட்டுச் சுவர்களுக்கும் வந்துசேர்ந்தார்கள்.

வெள்ளைக்காரர்கள் தொடங்கியது

பம்பாய் ஆர்ட் சொசைட்டி 1888-ல் தொடங்கியது. தொடங்கியவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலேயர்கள். பொழுதுபோக்காக வரைகிறவர்களை ஊக்கப்படுத்துவதும், பொதுமக்களிடம் ஓவிய ரசனையை வளர்ப்பதும்தான் அறிவித்த நோக்கம். அலுவல் நேரம் போக மிச்ச நேரத்தில் நீர்வண்ண நிலக்காட்சி தீட்டும் அதிகாரிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் தங்கள் படங்களை மாட்டிவைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு இடம் என்றுகூட அது நின்றுபோயிருக்கலாம். நிற்காததற்குக் காரணம், அதே ஊரில் 1857 முதல் இயங்கிவந்த ஜே.ஜே. கலைப் பள்ளி. அங்கே பயின்ற இந்திய மாணவர்கள் தங்கள் படைப்புகளைச் சங்கத்தின் கண்காட்சிக்கு அனுப்பத் தொடங்கினார்கள்.

1895-ல் கோலாப்பூரிலிருந்து வந்த எம்.வி. துரந்தருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. இந்தியர் ஒருவர் அந்தப் பதக்கத்தை வாங்கியது அதுவே முதல்முறை. பின்னாளில் அவர் ஜே.ஜே. பள்ளியின் தலைமைப் பொறுப்பிலேயே உட்கார்ந்தார்.

அடுத்த வருடம் கணபதிராவ் மாத்ரே என்ற மாணவர் பிளாஸ்டரில் ஆளுயரச் சிற்பம் ஒன்றைச் செய்தார். ‘கோயிலுக்குப் போகிறவள்’ என்பது தலைப்பு. கையில் பூஜைப் பொருட்களோடு ஒரு மராட்டிய இளம்பெண் அடியெடுத்து வைக்கிறாள். இந்தச் சிற்பத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். உடலோடு ஒட்டி இறங்கும் புடவை, இடுப்பில் இறுகி, தொடையில் தளர்ந்து, காலருகே கொத்தாக விழுகிறது. ஒவ்வொரு மடிப்பும் அதற்கடியில் நகரும் உடம்பின் எடையைச் சொல்கிறது. கிரேக்கச் சிற்பிகள் கல்லில் காட்டிய துணி மடிப்பு வித்தையைப் பாடமாகப் படித்த மாணவர், அதைத் தன் வீதியில் தினமும் பார்க்கும் புடவைக் கட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். சங்கம் வெள்ளிப் பதக்கம் கொடுத்தது. இந்தியர்களுக்கு நுண்கலைத் திறன் கிடையாது என்று சொல்லிவந்த ஜார்ஜ் பேர்ட்வுட் போன்றவர்களே இந்தச் சிற்பத்தைப் புகழ்ந்து எழுதினார்கள். விளக்கம் சொல்ல ஆளில்லாமல், ஒரு மாணவரின் வேலை தானாக நின்று ஜெயித்த தருணம் அது.

நடுவர் மேசையில் நடப்பது

திறந்த கண்காட்சிக்கு ஓவியர் பெற வேண்டிய அழைப்பு எதுவும் இல்லை. படத்துக்குச் சட்டமிட்டு, பின்புறம் மாட்டுவதற்குக் கம்பி கட்டி, பெயர், தலைப்பு, ஊடகம், அளவு, விலை எழுதிய சீட்டை ஒட்டி, நுழைவுக் கட்டணத்தோடு சேர்த்துவிட்டால் போதும். பிறகு தேர்வுக் குழு உட்காரும். படங்கள் ஒவ்வொன்றாக முன்னால் வரும். ஏற்பு, தள்ளுபடி, சந்தேகம் என்று மூன்றாகப் பிரியும். சந்தேகக் குவியலை மறுபடி பார்ப்பார்கள். இந்த முறைகள் பலவும் லண்டன் ராயல் அகாடமியில் உருப்பெற்றவை. அதன் கோடைக் கண்காட்சி 1769 முதல் ஒரு வருடமும் தவறாமல் நடந்துவருகிறது.

தேர்வு ஆனதோடு முடிந்துவிடாது. எதை எங்கே மாட்டுவது என்பது அடுத்த சண்டை. அந்தக் காலத்தில் தரையிலிருந்து கூரைவரை, சட்டத்தோடு சட்டம் முட்டும்படி மாட்டுவார்கள். கண்மட்டத்தில் இடம் கிடைத்த படத்தைத்தான் மக்கள் பார்ப்பார்கள். கூரையோரம் போன படத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். 1784-ல் ஓவியர் கெய்ன்ஸ்பரோ, இளவரசிகள் மூவரின் படத்தைத் தான் கேட்ட உயரத்தில் அகாடமி மாட்ட மறுத்ததற்காகத் தன் படங்கள் அத்தனையையும் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அதன்பின் ராயல் அகாடமிக்கு அவர் ஒரு படமும் அனுப்பவில்லை. அவ்வளவு பெரிய ஓவியருக்கே அரை ஆள் உயரம் அவ்வளவு முக்கியமாக இருந்தது.

இன்று பல சங்கங்களில் முதல் சுற்றுத் தேர்வு, கணினித் திரையில் ஓடும் புகைப்படங்களை வைத்துத்தான் நடக்கிறது. தூரத்து ஊர்க்காரர்களுக்கு லாரி செலவு மிச்சம் என்பது உண்மையான லாபம். அதே சமயம், திரையில் நாலடிப் படமும் நாலங்குலப் படமும் ஒரே அளவில்தான் தெரியும். கத்தியால் அப்பிய வண்ணத்தின் தடிமன் தெரியாது. மெல்லிய கோட்டோவியம் முதல் சுற்றிலேயே அடிபட்டுப் போகும். அதனால், இறுதித் தேர்வையாவது படத்தை நேரில் வைத்துப் பார்த்துச் செய்யும் சங்கங்களை நாம் மதிக்க வேண்டும்.

தள்ளியவர்களுக்கும் நன்றி

கலை வரலாற்றில் தள்ளுபடிக்குத் தனி இடம் உண்டு. 1863-ல் பாரிஸ் சலோன் நடுவர்கள் வந்த படைப்புகளில் பாதிக்கு மேல் ஒதுக்கித் தள்ள, எழுந்த கூச்சலில் பேரரசர் மூன்றாம் நெப்போலியனே தலையிட்டார். தள்ளப்பட்டவற்றுக்கென்றே தனிக் கண்காட்சி திறக்கப்பட்டது. மானேயின் ‘புல்வெளியில் மதிய உணவு’ அங்கேதான் தொங்கியது. 1884-ல் பாரிஸின் சுதந்திர ஓவியர்கள், நடுவரும் வேண்டாம் பரிசும் வேண்டாம் என்று தனிச் சங்கமே அமைத்தார்கள்.

நடுவரே இல்லாவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? 1917-ல் நியூயார்க்கில், கட்டணம் கட்டிய எவர் படைப்பையும் ஏற்போம் என்று அறிவித்த சங்கத்துக்கு மார்செல் துஷாம்ப் புனைபெயரில் ஒரு சிறுநீர்க் கோப்பையை அனுப்பினார். சங்கத்தார் அதைக் காட்சிக்கு வைக்கவில்லை. யாரையும் தள்ள மாட்டோம் என்ற விதியே ஒரு படைப்பைத் தள்ளியது. ஆக, தேர்வு இல்லாத கண்காட்சி என்று ஒன்று கிடையாது. தேர்வை வெளிப்படையாகச் செய்கிறோமா, ஒளித்துச் செய்கிறோமா என்பதில்தான் நேர்மை இருக்கிறது.

பம்பாயிலும் தள்ளுபடிகள் வீணாகவில்லை. சங்கத்தின் மீதான அதிருப்திகளிலிருந்து புதிய அமைப்புகள் பிறந்தன. 1918-ல் நீர்வண்ண மேதை எஸ்.எல். ஹல்தண்கர் உள்ளிட்ட இந்திய ஓவியர்கள் கூடி ‘ஆர்ட் சொசைட்டி ஆஃப் இந்தியா’வைத் தொடங்கினார்கள். 1947-ல் எஃப்.என். சூசா, எஸ்.எச். ரஸா, கே.எச். ஆரா, எம்.எஃப். ஹுசேன், எச்.ஏ. காடே, சிற்பி எஸ்.கே. பாக்ரே ஆகிய ஆறு பேர் சேர்ந்து முற்போக்கு ஓவியர் குழுவை அமைத்தார்கள். பள்ளிகள் சொல்லிக்கொடுத்த அச்சு மாறா ஓவியமும், பழைய சங்கங்களின் ரசனையும் தங்களுக்குப் போதாது என்பது அவர்களின் கட்சி.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் குழு 1949 ஜூலையில் பம்பாயில் நடத்திய முதல் கண்காட்சியை எழுத்தாளர் முல்க் ராஜ் ஆனந்த் திறந்துவைத்தார். நடந்த இடம், ராம்பார்ட் ரோவில் இருந்த பம்பாய் ஆர்ட் சொசைட்டியின் கூடம். தன் ரசனைக்கு எதிராகக் கிளம்பிய இளைஞர்களுக்குத் தன் சுவரையே இடமாகக் கொடுத்தது அந்தச் சங்கம். எந்த விருதைவிடவும் அதன் வரலாற்றில் நான் உயர்வாக வைப்பது இந்தப் பெருந்தன்மையைத்தான்.

பேனர் வரைந்தவரும் கார் துடைத்தவரும்

அந்த ஆறு பேரில் இருவரின் கதை, திறந்த வாசலின் அருமையைச் சொல்லும்.

ஹுசேன் பந்தர்பூரில் பிறந்தவர். பம்பாயில் சாரத்தின் மேல் ஏறி சினிமா பேனர் வரைந்து பிழைத்தவர். குழந்தைகளுக்கான மரச்சாமான்களும் பொம்மைகளும் வடிவமைத்துக் குடும்பம் நடத்தியவர். கலை விமர்சகர் எவரும் அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வாய்ப்பில்லை. 1947-ல் பம்பாய் ஆர்ட் சொசைட்டியின் ஆண்டுக் கண்காட்சிக்கு ‘சுனெஹ்ரா சன்சார்’ என்ற படத்தை அனுப்பினார், பரிசு கிடைத்தது. சூசாவின் கண் அவர் மேல் விழுந்தது, குழுவுக்குள் அழைத்துக்கொண்டார். பின்னால் நடந்ததை உலகம் அறியும்.

ஆரா ஹைதராபாத்தை அடுத்த பொல்லாரத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பம்பாய்க்கு ஓடிவந்து, வீட்டு வேலைக்காரராகவும் கார் துடைப்பவராகவும் இருந்தவர். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போனவர். நாஜிகளின் ஐரோப்பாவிலிருந்து பம்பாய்க்கு வந்துசேர்ந்த ரூடி ஃபான் லேடன், வால்டர் லாங்கம்மர், இமானுவேல் ஷ்லெசிங்கர் ஆகியோர் ஊர் ஓவியர்களுக்கு ஆதரவாக நின்ற காலம் அது. விமர்சகரான லேடன், ஆராவின் படங்களைப் பார்த்து ஊக்கம் கொடுத்தார். 1944-ல் ஆராவுக்குச் சொசைட்டியின் ஆளுநர் பரிசு கிடைத்தது. ரஸாவுக்கு 1946-ல் வெள்ளியும் 1948-ல் தங்கமும்.

இவர்களில் யாருக்கும் பதக்கம் திறமையைக் கொடுக்கவில்லை. அது ஏற்கெனவே இருந்தது. பதக்கம் கொடுத்தது, பார்க்கிற கண்களை. பத்திரிகையில் ஒரு வரி, படம் வாங்க வரும் ஒருவர், சக ஓவியரின் அழைப்பு, இந்தக் கிறுக்கலை விட்டுவிட்டு உருப்படியான வேலை பார் என்று சொன்ன குடும்பத்தின் வாயை அடைக்கும் ஒரு சான்றிதழ். முப்பது வயதுக்குள் இருக்கிற ஓவியருக்கு இந்த நான்கில் ஒன்று கிடைத்தாலும் அடுத்த ஐந்து வருடத்துக்கு வரைய வைராக்கியம் வந்துவிடும்.

சங்கம் இன்றும் இருக்கிறது. ஆண்டுக் கண்காட்சியும் நடக்கிறது. 1952-ல் திறக்கப்பட்ட ஜஹாங்கிர் கலைக்கூடத்தின் சுவர்களில், நாட்டின் பல மூலைகளிலிருந்து வரும் ஓவியங்களும் கோட்டோவியங்களும் அச்சோவியங்களும் சிற்பங்களும் ஒன்றாக நிற்கின்றன. மாணவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. இளம் ஓவியர்களுக்குச் சங்கம் வழங்கும் உதவித்தொகையின் பெயர் பேந்த்ரே-ஹுசேன் உதவித்தொகை. ஒரு காலத்தில் இதே சங்கத்தின் பரிசுக்குப் படம் அனுப்பியவர்களின் பெயரில், இன்று வேறொரு இளைஞருக்கு வண்ணம் வாங்கக் காசு போகிறது.

நம் ஊரில் எங்கே அந்தச் சுவர்?

தமிழ்நாட்டில் கைகளுக்குப் பஞ்சமில்லை. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசுக் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. 1944-ல் கே.சி.எஸ். பணிக்கர் இங்கே முற்போக்கு ஓவியர் சங்கம் தொடங்கினார். அவர் முன்னின்று 1966-ல் உருவான சோழமண்டலம், ஓவியர்கள் தாங்களே நடத்தும் கிராமமாக இன்றும் நிற்கிறது. லலித் கலா அகாடமியின் சென்னை மையம் இருக்கிறது. ஆனால் இவற்றில் பெரும்பகுதி தலைநகரைச் சுற்றியே இருக்கிறது. திருநெல்வேலியில் சுவர் விளம்பரம் எழுதுகிறவர், ஈரோட்டில் பள்ளி ஓவிய ஆசிரியர், நாகப்பட்டினத்தில் இரவில் மட்டும் வரையும் செவிலியர் தங்கள் படத்தை எங்கே மாட்டுவார்கள்?

இசைக்கு நாம் வழி வைத்திருக்கிறோம். டிசம்பர் சீசனில் மதிய நேரக் கச்சேரி என்று சபாக்கள் இளம் பாடகர்களுக்கு மேடை கொடுக்கின்றன. வித்வான் பாடிய மேடையிலேயே, காலி நாற்காலிகளுக்கு முன்னாலாவது, ஒரு புதுக் குரல் ஒலிக்கிறது. ஓவியருக்கு அப்படி ஒரு மதியக் கச்சேரி மாவட்டங்களில் இல்லை.

வைக்க முடியாத காரியம் இல்லை இது. இப்போது மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வருகிறது. அதே வளாகத்தில் ஒரு கூடத்தை ஒதுக்கி, அந்த மாவட்டத்தில் வசிக்கும் எவரும் ஒரு படம் தரலாம் என்று அறிவித்தால் தொடங்கிவிடலாம். வயது, படிப்பு, முன் அனுபவம் எதுவும் கேட்க வேண்டாம். கட்டணம் வேண்டாம், வைத்தாலும் ஒரு டீ, பலகாரச் செலவைத் தாண்ட வேண்டாம். நடுவர்கள் மூவர், குறைந்தது ஒருவர் வெளி மாவட்டத்துக்காரர். அவர்கள் பெயரை முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். தேர்வின்போது ஓவியரின் பெயர் மறைந்திருக்க வேண்டும். தள்ளிய படத்தோடு, ஏன் என்று இரண்டு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். மாட்டும்போது மாணவர் படமும் மூத்தவர் படமும் கண்மட்டத்தில், போதிய இடைவெளியில், ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும்.

விருது கட்டாயம் வேண்டும். பொன்னாடையும் பிளாஸ்டிக் கேடயமும் வேண்டாம். பரிசு பெற்ற படத்தைப் பரிசுத் தொகைக்கு மாவட்ட நூலகமோ அரசு மருத்துவமனையோ ஆட்சியர் அலுவலகமோ விலைக்கு வாங்கித் தன் சுவரில் மாட்டட்டும். ஓவியருக்கு வருமானம், ஊருக்கு ஒரு சேகரிப்பு. பத்து வருடத்தில் ஒவ்வொரு மாவட்டத்திடமும் தன் மக்கள் வரைந்த படங்களின் வரிசை ஒன்று இருக்கும். பார்வையாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பரிசு ஒன்றும் இருக்கட்டும். நடுவர் கண்ணும் ஊர்க் கண்ணும் எங்கே பிரிகின்றன என்று இரு தரப்புக்கும் தெரியவரும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அது அடுத்த வருடமும் நடக்க வேண்டும். ஒரு முறை ஆடம்பரமாக நடந்து நின்றுபோன கண்காட்சியால் யாருக்கும் பயனில்லை. வருடம் தவறாமல் நடந்தால், ஓவியர் தன் அடுத்த படத்தை அந்தத் தேதியை மனதில் வைத்து வரையத் தொடங்குவார். கண்காட்சி ஒரு பழக்கமாகும், பழக்கம் ரசனையாகும்.

மாவட்டக் கண்காட்சியில் குப்பையும் வரும் என்பார்கள். வரும்தான். பம்பாயிலும் வந்திருக்கும், பாரிஸிலும் வந்தது. மறக்கப்பட்ட ஆயிரம் படங்களை வாங்கி மாட்டத் தயாராக இருந்த சங்கங்களுக்குத்தான் மாத்ரேயும் ஷெர்-கில்லும் ஹுசேனும் கிடைத்தார்கள். நல்லது மட்டும் வரட்டும் என்று வாசலை இறுக்கியவர்களுக்கு, ஏற்கெனவே பேர் தெரிந்தவர்கள் மட்டுமே வந்தார்கள். பெரிய ஓவியர்களை எந்தச் சங்கமும் உண்டாக்கிவிட முடியாது. அவர்கள் வருகிற நாளில் சுவர் காலியாகவும் கதவு திறந்தும் இருக்கும்படி பார்த்துக்கொள்ள முடியும். அந்த வேலையைப் பம்பாய் 1888-ல் தொடங்கிவிட்டது. நம் மாவட்டங்கள் அடுத்த புத்தகத் திருவிழாவிலேயே தொடங்கலாம்.